வீடே வேலைத்தலமாகும்போது: பீடி சுற்றும் தாய்மாரின் சுகமும் பாதுகாப்பும்



எந்த ஆஸ்பத்திரியிலும் புறநோயாளிச் சீட்டு எழுதும்போது பெயர், வயது, ஊர் என்பவற்றோடு தொழிலையும் கேட்பது வழக்கம். தென்காசி, கடையம், பாவூர்சத்திரம், ஆலங்குளம், சுரண்டை, கடையநல்லூர் வட்டாரங்களிலிருந்து வரும் தாய்மாரிடம் இதைக் கேட்டால், "சும்மா வீட்லதான் இருக்கேன், பீடி சுத்துதேன்" என்ற பதில் வருவதுண்டு. விடியற்காலையிலிருந்து விளக்கு வைத்த பிறகும் குனிந்தே உழைக்கிறவர் சும்மா இருக்கிறேன் என்கிறார். எழுதுகிறவரும் "இல்லத்தரசி" என்று எழுதி அடுத்தவரை அழைத்துவிடுகிறார். அந்த ஒரு சொல் பல காரியங்களை மறைத்துவிடுகிறது. இருமலும் கழுத்துவலியும் எங்கிருந்து வந்தன என்று டாக்டருக்குத் தெரிவதில்லை. அவர் உட்கார்ந்து வேலை செய்யும் இடத்தை யாரும் போய்ப் பார்ப்பதில்லை. அவருக்குச் சட்டப்படி கிடைக்க வேண்டிய உதவிகள் கிடைத்தனவா என்றும் எவரும் கேட்பதில்லை.

"நீ என்ன தொழில் செய்கிறாய்?" என்று வியாதியஸ்தரிடம் கேட்க வேண்டும் என்பதை வைத்திய உலகத்துக்கு அழுத்திச் சொன்னவர் இத்தாலிய நாட்டு வைத்தியர் பெர்னார்டினோ ராமஸ்ஸினி. தொழிலாளரின் வியாதிகளைப் பற்றி 1700-ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட நூலில், ஹிப்போகிரட்டிஸ் காலத்திலிருந்து வைத்தியர்கள் கேட்டுவரும் கேள்விகளோடு இந்த ஒன்றையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். புகையிலையைப் பொடிக்கிறவர்களுக்கு வரும் தலைவலியையும் குமட்டலையும் பற்றி அந்த நூலில் தனியாகவே எழுதியிருக்கிறார். முந்நூறு ஆண்டுகளுக்கு முன் கேட்கச் சொன்ன கேள்வி நம் பக்கத்துக் கிராமத்துப் பெண்ணுக்கு இன்னும் தேவையாகவே இருக்கிறது.

குற்றாலத்துக்குச் சாரல் காலத்தில் குளிக்க வருகிறவர்கள் இந்தத் தொழிலைக் காண்பதில்லை. பேருந்து செல்லும் சாலையை விட்டுத் தெருவுக்குள் நுழைந்தால் திண்ணையிலும் நடைவாசலிலும் மடியில் தட்டோ சுளகோ வைத்துக்கொண்டு தாய்மார் உட்கார்ந்திருப்பார்கள். பீடிக்கடையில் இலையும் தூளும் நூலும் நிறுத்துக் கொடுக்கிறார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்த இலையைத் தண்ணீரில் நனைத்துப் பதப்படுத்தி, தகட்டை அளவாக வைத்துக் கத்தரிக்கோலால் வெட்ட வேண்டும். வெட்டிய இலையில் தூளை இட்டுச் சுருட்டி, நுனியை மடக்கி, நூலால் கட்ட வேண்டும். அப்புறம் கட்டுக்கட்டாக அடுக்கிக் கடைக்குக் கொண்டுபோக வேண்டும். கூலி ஆயிரத்துக்கு இவ்வளவு என்ற கணக்கு. சரியில்லை என்று ஒதுக்கப்படும் பீடிக்குக் கூலி இல்லை, இலையும் தூளும் செலவானது செலவானதுதான். நாடு முழுவதும் ஏறத்தாழ 50 லட்சம் பீடித் தொழிலாளர் பதிவு பெற்றிருப்பதாக மத்திய அரசு பாராளுமன்றத்தில் தெரிவித்திருக்கிறது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள், தங்கள் வீட்டிலேயே வேலை செய்கிறவர்கள்.

சரீரத்தில் நடப்பது என்ன?

புகையிலையைப் புகைப்பவருக்கு மட்டுமே கெடுதல் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். புகையிலையில் உள்ள நிக்கோட்டின் தோல் வழியாகவும் உடம்புக்குள் செல்லும். ஒருநாளும் பீடியை வாயில் வைத்திராத பெண்களின் சிறுநீரிலும் நிக்கோட்டினின் அடையாளம் தென்பட்டதை இந்திய ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். தலைசுற்றல், வாந்தி வரும் உணர்வு, பசியின்மை ஆகியவற்றைப் "பித்தம்" என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடர்கிறவர்கள் உண்டு. அதில் ஒரு பங்கு பித்தம் அல்ல, தூளின் வேலை.

காற்றில் பறக்கும் மெல்லிய தூள் தொண்டையையும் மூச்சுக்குழலையும் அரிக்கிறது. இருமலும் இளைப்பும் வருகின்றன. ஏற்கெனவே ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது கூடுகிறது. மணிக்கணக்காகச் சம்மணமிட்டுத் தலைகுனிந்து இருப்பதால் கழுத்து, தோள்பட்டை, இடுப்பு, முழங்கால் வலிக்கின்றன. ஒரே அசைவை ஆயிரக்கணக்கில் திரும்பத் திரும்பச் செய்வதால் மணிக்கட்டும் விரல்களும் மரத்துப்போகின்றன. கர்ப்பிணித் தாய் தூளின் நடுவே உட்கார்ந்திருந்தால் வயிற்றிலுள்ள சிசுவுக்கும் அதில் பங்கு உண்டு. மடியில் ஒரு பக்கம் தட்டும் மறுபக்கம் பிள்ளையுமாக இருக்கும் வீடுகளில் அந்தப் பிள்ளையும் தூளைச் சுவாசிக்கிறது.

"பீடி சுத்தினா டி.பி. வரும்" என்று ஊரில் சொல்வார்கள். இதைச் சற்று விளக்க வேண்டும். காசநோயை உண்டாக்குவது ஒரு கிருமி, தூளிலிருந்து அது பிறப்பதில்லை. ஆனால் காற்றோட்டமில்லாத சிறிய அறையில் பலர் நெருங்கி இருப்பதும், சரியான ஆகாரம் இல்லாமையும், ஓயாத இருமலைத் "தூள் இருமல்" என்று அலட்சியம் செய்வதும் அந்தக் கிருமிக்குக் கதவைத் திறந்துவிடுகின்றன. இந்த மூன்றாவது காரியமே மிகவும் ஆபத்தானது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனை செய்ய வேண்டும் என்ற விதி பீடி சுற்றுகிறவருக்கும் உண்டு. காரணம் தெரிந்த இருமல்தானே என்று விட்டுவிடக் கூடாது.

சட்டம் வாசற்படியோடு நின்றது

பீடித் தொழிலாளருக்குச் சட்டமே இல்லை என்று எண்ண வேண்டாம். 1966-ஆம் ஆண்டின் பீடி சுருட்டுத் தொழிலாளர் சட்டம் நல்ல சட்டம். சுத்தம், காற்றோட்டம், குடிதண்ணீர், கழிப்பிடம், கைகழுவும் வசதி, பிள்ளைகளுக்கான காப்பகம் எல்லாவற்றையும் அது பேசியது. ஆனால் இவையெல்லாம் "தொழில் நடக்கும் கட்டடத்துக்கு" உரியவை. தனியார் குடியிருக்கும் வீடு அந்தக் கட்டடம் ஆகாது என்று சட்டமே வரையறுத்தது. வீட்டில் இருந்து சுற்றுகிறவரைத் தொழிலாளியாக அதே சட்டம் ஏற்றுக்கொண்டது. இது பெரிய காரியம்தான். ஆனாலும் அவர் உட்கார்ந்திருக்கும் இடத்தின் காற்றையும் வெளிச்சத்தையும் பார்க்கும் பொறுப்பு யாருக்கும் இல்லாமல் போயிற்று. பட்டறை வைத்தால் செலவு, வீட்டுக்குக் கொடுத்தால் செலவில்லை என்று கண்டுகொண்ட முதலாளிகள் பலர் வேலையை வீடுகளுக்கே தள்ளினார்கள். 1986-ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டம் பீடித் தொழிலைப் பிள்ளைகளுக்குத் தடைசெய்தபோதும், குடும்பத்தார் உதவியோடு நடக்கும் வேலைக்கு விலக்குக் கொடுத்ததால் அதுவும் வாசற்படியோடு நின்றது.

இதற்குப் பின் வந்தது 1976-ஆம் ஆண்டின் பீடித் தொழிலாளர் நலநிதிச் சட்டம். பீடியின் மேல் ஒரு சிறு வரி விதித்து, அந்தப் பணத்தில் ஆஸ்பத்திரிகளும் மருந்தகங்களும் ஏற்பட்டன. பிள்ளைகளுக்குப் படிப்புதவித் தொகை, வீடு கட்ட உதவி, காசநோய்க்கும் புற்றுநோய்க்கும் சிகிச்சை உதவி, கண்ணாடி வாங்க உதவி என்று பலவும் வந்தன. சொக்கலால் பீடியின் ஊராகிய முக்கூடலில் பீடித் தொழிலாளருக்கென்றே மத்திய அரசின் ஆஸ்பத்திரி அமைந்தது இந்த நிதியால்தான். வீட்டிலிருந்து சுற்றுகிறவருக்கும் சேமநலநிதி உண்டு என்று சுப்ரீம் கோர்ட் 1985-இல் தீர்ப்பளித்தது. ஜி.எஸ்.டி. வந்த 2017-இல் பீடியின் மேலிருந்த அந்தத் தனி வரி எடுக்கப்பட்டது. நலத்திட்டங்களுக்கான பணம் இப்போது அரசின் பொது வரவுசெலவுத் திட்டத்திலிருந்து வர வேண்டியிருக்கிறது.

ஆக, சட்டமும் ஆஸ்பத்திரியும் நிதியும் தனித்தனியே உண்டு. ஆனால் தொழிற்சாலை ஆய்வாளருக்கு வீட்டைப் பார்க்கும் வேலையில்லை. மருந்தகத்துக் கம்பவுண்டர் இருமலுக்கு மருந்து கொடுக்கிறார், பாஸ்புக்கைப் பற்றிக் கேட்பதில்லை. நல அலுவலகத்தில் அடையாள அட்டையைப் பார்க்கிறார்கள், அட்டைக்குரியவரின் நெஞ்சைப் பார்ப்பதில்லை. மூன்று கதவுகளையும் தட்டுவதற்கு அந்தத் தாய்க்கு மூன்று நாள் கூலி போகிறது. அதனால் ஒன்றையும் தட்டாமல் இருந்துவிடுகிறார்.

புத்திமதி ஏன் பலிப்பதில்லை?

நல்லெண்ணம் கொண்டவர்கள் சில வேளைகளில் சுகாதாரக் கூட்டம் நடத்துகிறார்கள். கையுறை போடுங்கள், மூக்கை மூடிக்கொள்ளுங்கள், மணிக்கொரு தரம் எழுந்து நடங்கள் என்கிறார்கள். தாய்மார் தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போய்ப் பழையபடியே உட்காருகிறார்கள். அவர்களை அறியாமை உள்ளவர்கள் என்று சொல்லுவது நியாயமல்ல. இலை மடங்கும் இடத்தை விரல்நுனியால்தான் உணர முடியும், கையுறை போட்டால் பீடி தளர்ந்துபோகும், கடையில் ஒதுக்குவார்கள். மூக்கை மூடிக்கொண்டு புழுக்கத்தில் ஆறேழு மணி நேரம் இருக்க நம்மால் ஆகுமா? கால்மணி நேரம் ஓய்வு என்பது கால்மணி நேரக் கூலி. கூலிக் கணக்கை அறியாத பாதுகாப்புப் புத்திமதி காற்றில் போகும் என்பதே உண்மை.

மறுபக்கமாக ஒரு காரியத்தைப் பாருங்கள். 40 வயதைத் தாண்டினால் எல்லாருக்கும் வெள்ளெழுத்து வருகிறது. படிப்பவர் புத்தகத்தைத் தூரப் பிடிக்கிறார். பீடி சுற்றுகிறவர் தூரப் பிடிக்க முடியாது, இன்னும் அதிகமாகக் குனிகிறார். குனிவதால் கழுத்து வலிக்கிறது, கண் எரிகிறது, வேகம் குறைகிறது, கட்டு சரியாக அமையாமல் கழிவு கூடுகிறது. இங்கே ஒரு சாதாரணக் கண்ணாடி சிகிச்சையாகவும் பாதுகாப்பாகவும் வருமானமாகவும் இருக்கிறது. அசாம் மாநிலத் தேயிலைத் தோட்டங்களில் 40 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இப்படிக் கண்ணாடி கொடுத்துப் பார்த்தார்கள். 2018-இல் வெளியான அந்த ஆய்வின்படி, கண்ணாடி பெறாதவர்களைவிடப் பெற்றவர்கள் கொய்த இலையின் அளவு ஐந்தில் ஒரு பங்குக்கும் மேலாகக் கூடியது. தேயிலையும் பீடியிலையும் வேறுதான், கண் ஒன்றுதான்.

பாதுகாப்பு, சுகம், நல்வாழ்வு மூன்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்று இன்று உலகெங்கும் பேசுகிறார்கள். அமெரிக்காவின் தேசியத் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதார நிறுவனம் 2011 முதல் "தொழிலாளியின் முழுச் சுகம்" என்ற கருத்தில் இதை முன்வைத்து வருகிறது. முதலில் ஆபத்தை வேலையிடத்திலிருந்து நீக்கு, அதோடு சேர்த்து மனிதனுடைய உடம்பையும் மனதையும் வாழ்க்கையையும் கவனி என்பதே அதன் சாரம். சர்வதேச தொழிலாளர் ஸ்தாபனம் 1996-இல் வீட்டுவேலைத் தொழிலாளருக்கென்று ஒரு தனி உடன்படிக்கையை ஏற்றது. மற்றத் தொழிலாளருக்கு உள்ள பாதுகாப்பும் சமூகக் காப்பும் இவர்களுக்கும் வேண்டும் என்று அது கூறுகிறது. நம் நாடு அதில் சேரவில்லை. 2022-இல் பாதுகாப்பான, சுகமான வேலைச் சூழல் தொழிலாளரின் அடிப்படை உரிமைகளில் ஒன்று என்றும் அந்த ஸ்தாபனம் அறிவித்தது.

அவ்வளவு தூரம் போக வேண்டுவதில்லை. குற்றால மலைக்கு அந்தப்புறம் கேரளம். அதன் வடபகுதியில் கண்ணூரில், 1966-ஆம் ஆண்டுச் சட்டத்தை அமல்படுத்தியபோது கம்பெனிகள் கதவை மூடிவிட, வேலையிழந்த பீடித் தொழிலாளர்கள் 1969-இல் தினேஷ் பீடி என்ற கூட்டுறவு ஸ்தாபனத்தை ஏற்படுத்தினார்கள். வீட்டு மூலையில் அல்ல, பொதுக்கூடங்களில் உட்கார்ந்து வேலை செய்தார்கள். ஒருவர் செய்தித்தாளை உரக்க வாசிக்க மற்றவர்கள் கேட்டுக்கொண்டே சுற்றுவார்கள் என்பது அந்தக் கூடங்களைப் பற்றிப் பலரும் எழுதியுள்ள செய்தி. பீடிக்கு வரவேற்புக் குறைந்தபோது அந்த ஸ்தாபனம் உணவுப் பொருள், குடை, ஆயத்த உடை என்று வேறு தொழில்களுக்கும் திரும்பியது. வேலை, சுகம், எதிர்காலம் மூன்றையும் ஒரே இடத்தில் யோசித்ததால் அது கூடிற்று என்பது என் எண்ணம்.

ஆனால் தென்காசிப் பக்கத்தில் வேலை வீட்டுக்குள் வேரூன்றிவிட்டது. சமையலையும் பிள்ளைகளையும் விட்டுவிட்டுக் கூடத்துக்கு வரச் சொன்னால் பல தாய்மாருக்கு முடியாது. அப்படியானால் சேவைகள்தான் வீட்டுக்குப் போக வேண்டும். இதுவும் நமக்குப் புதிதல்ல. 1956-இல் சென்னையில் ஏற்பட்ட காசநோய் வேதிச்சிகிச்சை மையம், சானட்டோரியத்தில் படுக்க வைத்துத் தரும் சிகிச்சைக்கு வீட்டிலேயே தரும் சிகிச்சை குறைந்ததல்ல என்று 1959-இல் உலகத்துக்கு மெய்ப்பித்தது. 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மருந்து வீட்டுக்கே வருகிறது. 2024-இல் "தொழிலாளரைத் தேடி மருத்துவம்" என்று தொழிற்சாலைகளுக்கும் போனார்கள். பீடி சுற்றும் தாயைப் பொறுத்தவரை இந்த இரண்டு திட்டங்களும் ஒரே வாசலுக்கு வர வேண்டும், ஏனென்றால் அவருடைய வீடும் தொழிற்சாலையும் ஒன்றே. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை அறிவித்தபோது, 40 வயதுக்கு மேற்பட்ட தொழிலாளருக்கு ஆண்டுக்கொருமுறை இலவச உடல் பரிசோதனை என்று மத்திய அரசு கூறியது. திண்ணையில் இருப்பவரிடம் அது எப்படி வந்து சேரும் என்பதைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

ஒரே வருகையில் என்ன செய்யலாம்?

பயிற்சி பெற்ற ஒரு சுகாதார ஊழியர் ஒரு வீட்டில் அரைமணி நேரம் செலவிட்டால் போதும். முதலில் அவர் உட்காரும் இடம். சுவரில் முதுகைச் சாய்த்துக்கொள்ள வழி உண்டா, இடப்பக்கமோ வலப்பக்கமோ சன்னல் இருக்கிறதா, தூள் பை மூடியிருக்கிறதா, அடுப்பும் தண்ணீர்ப் பானையும் எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன என்று பார்க்கலாம். தூள் சிந்திய தரையைத் துடைப்பத்தால் பெருக்கினால் அது மறுபடி எழும்பும், ஈரத்துணியால் துடைக்க வேண்டும். வேலைக்கென்று ஒரு பழைய சேலையோ மேல்துணியோ வைத்துக்கொண்டு, எழுந்ததும் அதை மாற்றி, சோப்புப் போட்டுக் கைகழுவிய பின்பே சாப்பாட்டையும் பிள்ளையையும் தொடலாம். ஒரு நூல் உருண்டை தீரும்போது எழுந்து நிற்கும் பழக்கம் கூலியைக் கெடுக்காது, ஏனெனில் எப்படியும் அடுத்த உருண்டையை எடுக்கத்தான் வேண்டும். இவை கூலி குறையாமல் செய்யக்கூடியவை, ஆகையால் செய்யப்படுபவை.

சாரல் காலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குற்றாலக் காற்று நமக்கு இதமாக இருக்கிறது. தூறலுக்கும் காற்றுக்கும் பயந்து திண்ணையை விட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சுற்றுகிறவருக்கு அது தூள் அடைந்த அறை. திண்ணைக்கு ஒரு சாய்ப்பு இறக்கினால் அவர் வெளியிலேயே உட்காரலாம். இதைத் தார்ப்பாய்ச் செலவு என்று பார்ப்பதா, மருந்துச் செலவு என்று பார்ப்பதா?

அதே வருகையில் இரத்த அழுத்தம், இரத்தசோகை, கண், இருமல், கர்ப்பம் ஆகியவற்றையும் கேட்டுவிடலாம். காசநோய் என்று தெரிந்தால் மருந்தோடு ஆகாரத்துக்கும் வழி உண்டு. அரசு 2018 முதல் மாதம் 500 ரூபாயும், 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாயும் வியாதியஸ்தரின் வங்கிக் கணக்கில் போடுகிறது. மருந்தையும் சாப்பாட்டையும் ஒன்றாக யோசித்த நல்ல ஏற்பாடு இது. கணக்கில் பணம் வந்ததா என்று விசாரிப்பதும் சிகிச்சையில் ஒரு பங்கு.

வாசகர்களில் சிலருக்கு மனதில் ஒரு கேள்வி இருக்கும். பீடி உயிரைக் கொல்லுகிறது, அதைச் செய்கிறவர்களின் வசதியைப் பேசினால் அந்தத் தொழிலையே தாங்கிப் பிடிக்கிறோம் அல்லவா? நியாயமான கேள்விதான். உலக சுகாதார ஸ்தாபனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையை இந்தியா 2004-இல் ஏற்றுக்கொண்டது. புகையிலையைக் குறைப்பதற்கென்றே எழுதப்பட்ட அந்த உடன்படிக்கையிலேயே 17-ஆம் பிரிவு இத்தொழிலாளருக்கு மாற்றுப் பிழைப்பு தேடித்தரச் சொல்லுகிறது, 18-ஆம் பிரிவு அவர்களுடைய சுகத்தைக் காக்கச் சொல்லுகிறது. பீடி குறையத்தான் வேண்டும். குறையும்போது அதன் பாரம் யார் தலையில் விழும்? புகைத்தவர் தலையில் அல்ல, சுற்றியவர் தலையில். இளம்பெண்கள் பலர் படித்து வேறு வேலைக்குப் போகிறார்கள், அது சந்தோஷமான காரியம். தட்டை இறக்கி வைக்க முடியாமல் மீதியாக நிற்பவர்கள் ஐம்பதைக் கடந்த தாய்மாரும் விதவைகளுமே.

இவர்களிடத்தில் சீக்கிரமாகக் கேட்க வேண்டிய ஒன்று உண்டு. பாஸ்புக் யார் பெயரில் இருக்கிறது? மாமியார் பெயரில் உள்ள பாஸ்புக்கில் மருமகள் இருபது வருஷம் சுற்றியிருக்கலாம், ஒருவர் பெயரில் வாங்கிய இலையை மூன்று பேர் பகிர்ந்திருக்கலாம். 1995-ஆம் ஆண்டுத் தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில் 10 வருஷ சேவை கணக்கில் இருந்தால்தான் 58 வயதில் மாத ஓய்வூதியம். 2014 முதல் அதன் குறைந்தபட்ச அளவு 1,000 ரூபாய். சிறிய தொகைதான், ஆனால் இரத்த அழுத்த மாத்திரைக்கும் அரிசிக்கும் பிள்ளைகளிடம் கைநீட்டாமல் இருக்க அது உதவும். பெயர் ஏறாதவருக்கு அதுவும் இல்லை, எத்தனை லட்சம் பீடி சுற்றியிருந்தாலும் சரி. சேமநலநிதி ஏட்டில் ஒரு வயதும் ஆதார் அட்டையில் வேறொரு வயதும் இருந்தால் அதையும் திருத்த வேண்டும், அதற்கு மாதக்கணக்கில் ஆகும். ஆகையால் உங்கள் சபையிலும் தெருவிலும் ஐம்பது வயதை நெருங்கும் பீடித் தொழிலாளி இருந்தால் அட்டை, பாஸ்புக், ஆதார் மூன்றையும் எடுத்துவரச் சொல்லி, எழுத்துத் தெரிந்த ஒருவர் அவரோடு உட்கார்ந்து பெயரையும் தேதியையும் ஒத்துப்பார்க்கலாம். வித்தியாசம் இருந்தால் 58 வரும்வரை காத்திராமல் இப்போதே சேமநலநிதி அலுவலகத்துக்கு எழுதிக் கொடுக்க வேண்டும்.